முடிச்சுச் சுங்குடி என்று விற்கப்பட்ட அச்சுச் சேலை: மதுரைக்கு வருவோர் கவனத்திற்கு

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில், துணியில் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளிகளை வரவைக்கும் மதுரையின் சுங்குடிச் சேலை வாங்க நினைப்பவர்கள், அதிலும் வழிகாட்டியோ ஆட்டோ ஓட்டுநரோ அழைத்துச் செல்லும் கடையில் வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பினாங்கிலிருந்து வந்திருந்த என் சித்தி மகளுக்கு, கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்தது என்று சொல்லி, ஸ்கிரீன் பிரிண்ட் சேலை ஒன்றை 3,800 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். அதே தரத்தில் அச்சுச் சேலை இரண்டு தெரு தள்ளி 650 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

பகல் 12.30 மணிக்குக் கோயில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்களைக் கடைக்கு அழைத்துப் போக வழிகாட்டிகளுக்கு வாய்க்கும் நேரம் அதுதான். சித்தி மகளும் மாப்பிள்ளையும் அப்படித்தான் அந்தக் கடைக்குப் போயிருக்கிறார்கள். வாசலை ஒட்டி ஒரு வயதான அம்மா உட்கார்ந்து, மடித்த வெள்ளைத் துணியை நகத்தால் துளித்துளியாகக் கிள்ளியெடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போட்டது உண்மையான முடிச்சுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் மடியில் இருந்த துணிக்கும் அலமாரியில் அடுக்கியிருந்த சேலைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த அம்மாவின் உழைப்பைப் பார்த்து நெகிழ்ந்துதான் இவர்கள் விலை பேசாமல் வாங்கியிருக்கிறார்கள். ஒரு கைவினைஞரைக் காட்சிக்கு வைத்துவிட்டு, அவர் செய்யாத பொருளை அவர் பெயரால் விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சேலையைப் புரட்டிப் பார்த்ததுமே சித்தி மகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பினாங்கில் பயணக் கப்பல் வந்து நிற்கும் நாட்களில், சில மணி நேரத்தில் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டிய பயணிகளிடம் அச்சடித்த துணியைக் கை பாத்திக், அதாவது கையால் மெழுகு வைத்துச் சாயம் தோய்த்த துணி, என்று விற்பதை அவள் பார்த்திருக்கிறாள். மெழுகு வைத்தோ முடிச்சிட்டோ சாயத்தில் முக்கிய துணியில் நிறம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல் பிடித்திருக்கும். இந்தச் சேலையிலோ உட்புறம் வெளுத்துக் கிடந்தது. வெளிப்புறத்துப் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில், ஓர் இம்மியும் பிசகாத வட்டங்களாக இருந்தன. முடிச்சை அவிழ்த்த புள்ளி அப்படி இருக்காது. ஓரம் சற்றுக் கோணலாக இருக்கும், ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது, முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கிப் புடைத்திருப்பதை விரலால் தடவியே உணரலாம். சில கடைகளில் முடிச்சைக்கூட அவிழ்க்காமல் அப்படியே விற்பார்கள். அதைவிடச் சிறந்த அத்தாட்சி கிடையாது.

மறுநாள் நானும் அவர்களுடன் கடைக்குப் போனேன். "பிரிச்ச சேலைய நாங்க திரும்ப எடுக்குறதில்லண்ணே. பில்லுல முடிச்சுச் சேலைன்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார் கடைக்காரர். பில்லில் 'சேலை 1' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. வேண்டுமானால் அதே விலைக்கு வேறு சேலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் எடுத்துப் போட்டவையும் அச்சுச் சேலைகளே. அழைத்துச் சென்ற வழிகாட்டி அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

அச்சுச் சுங்குடி விற்பது குற்றமில்லை. மெழுகு அச்சிலும் ஸ்கிரீனிலும் வரும் சேலைகளை இன்னதென்று சொல்லியே நியாயமான விலைக்கு விற்கும் கடைகள் மதுரையில் நிறைய உண்டு. அன்றாடம் உடுத்த நானே அவற்றைத்தான் வீட்டுக்கு வாங்குகிறேன். ஓர் ஊருக்கே உரிய பொருள் என்று அங்கீகரிக்கும் புவிசார் குறியீடு, மதுரைச் சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டிலேயே கிடைத்திருக்கிறது. நாயக்கர் காலத்தில் இங்கே குடியேறிய சௌராஷ்டிர மக்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த தொழில் அது. பல நாட்கள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான முடிச்சுகளைப் போடும் பெண்களுக்குச் சேர வேண்டிய விலை, ஒரு மணி நேரத்தில் அச்சாகும் சேலைக்குப் போகிறது என்பதுதான் என் ஆத்திரம். கைத்தறி முத்திரை இருக்கிறதே என்று நம்பிவிடவும் வேண்டாம். துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்குத்தான் அது சான்று, புள்ளி எப்படி வந்தது என்பதற்கு அல்ல.

ஆகவே, 'கையால் முடிச்சிட்ட சுங்குடி' என்ற சொற்களையே பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள். உண்மையான சரக்கை விற்பவர் தயங்காமல் எழுதித் தருவார். எழுத மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தன்மையைப் பற்றி வாயால் பொய் சொல்லி விற்பதும் முறையற்ற வணிகமே. பில் தர மறுப்பதும் அப்படியே. ஆனால் வாய்ச்சொல்லை நிரூபிப்பது கடினம், எழுத்து இருந்தால் வேலை எளிது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்குப் போவதாக இருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். இதேபோல் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், சேலையைத் துவைக்காமல், பில்லோடும் கடைப் பையோடும் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.