கேமராவுக்கு முன்னால் ஹார்ட்டிஸ்க்கைக் கேளுங்கள்: சின்னப் பட்ஜெட் படத்துக்கு எந்த ஃபார்மட்?

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாமாக் கடையில் தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். குறும்படம் இரண்டு எடுத்துவிட்டு முழுநீளப் படத்துக்குக் கிளம்பும் தம்பி யாராவது வந்து கேட்பான்: "அண்ணே, எந்தக் கேமரா எடுக்கலாம்?" அது இரண்டாவது கேள்வி. அந்தக் கேமரா படத்தை எந்த வடிவத்தில் எழுதி வைக்கும் என்பதுதான் முதல் கேள்வி. வாடகைக் கேமராவைப் பத்து நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அது எழுதிய ஃபைல்களோடு எட்டு மாதம் குடித்தனம் நடத்த வேண்டும்.

கணக்கை முதலில் போட்டுவிடுவோம். 90 நிமிடப் படம். திரையில் வரும் ஒரு நிமிடத்துக்குப் பத்து நிமிடம் எடுக்கிறோம். ஆக 15 மணி நேரக் காட்சி. 4கே (அகலத்தில் ஏறக்குறைய நாலாயிரம் புள்ளி), நொடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மிரர்லெஸ் கேமராவின் ஹெச்.264, அதாவது மிக இறுக்கமாகச் சுருக்கும் வடிவம், நொடிக்கு 100 மெகாபிட்டில் மணிக்கு 45 ஜிபி தின்னும். மொத்தம் 675 ஜிபி. எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவமான புரோரெஸ் 422 ஹெச்க்யூ நொடிக்கு 737 மெகாபிட், மணிக்கு 332 ஜிபி. மொத்தம் ஏறக்குறைய 5 டெராபைட். பிளாக்மேஜிக் கேமராக்களின் ரா, அதாவது சென்சார் பார்த்ததை ஏறக்குறைய அப்படியே வைக்கும் வடிவம், 8:1 சுருக்கத்தில் (எட்டில் ஒரு பங்காக) மணிக்குச் சுமார் 150 ஜிபி, மொத்தம் 2.25 டெராபைட். இன்னொரு பிரதி கட்டாயம் என்பதால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிரதி வேண்டாம் என்று சொல்லும் தயாரிப்பாளரிடம் வாதாடாதீர்கள், வேறு தயாரிப்பாளரைத் தேடுங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலருக்கு ஆச்சரியம். 'ரா என்றால் பூதாகரமாக இருக்கும், நமக்குக் கட்டுப்படியாகாது' என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கிறது. ரா அந்த ஒற்றை எண்ணைச் சுருக்கி வைக்கிறது. புரோரெஸ் மூன்று நிறமும் கட்டி முடித்த படத்தைச் சுருக்குகிறது. பிளாக்மேஜிக் 2018-ல் கொண்டுவந்த ராவில் அந்தக் கட்டும் வேலையில் ஒரு பகுதி கேமராவுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. இருந்தும் 8:1-ல் எடுத்தால் புரோரெஸ் ஹெச்க்யூவில் பாதிக்கும் கீழே நிற்கிறது.

சரி, இருப்பதிலேயே சிறிய ஹெச்.264-ஐயே எடுத்துவிட்டால் என்ன? நானும் அப்படித்தான் நினைத்தேன். செந்தூலின் பழைய ரயில்வே குடியிருப்புப் பக்கம் ஒரு காட்சி. பாங்கு சொல்லி முடிந்த நேரத்து வானம், ஆரஞ்சும் ஊதாவுமாக. கேமராவில் இருந்தது 8-பிட். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி அதை லாக்கில், பிறகு நிறம் சேர்க்க வசதியாக வெளிறிய தட்டைப் படமாகப் பதியும் முறையில், எடுத்து வைத்தேன். கலர் பார்த்தவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "தம்பி, இழுக்க இழுக்க வானம் கோலம் போடுது" என்றார். 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10-பிட்டில் 1,024. லாக் அந்த 256-ஐயும் நசுக்கி நடுவில் வைக்கிறது. பிறகு விரித்துப் பார்த்தால் படிக்கும் படிக்கும் நடுவே இடைவெளி, வானத்தில் வளையம் வளையமாக.

வானத்தைக்கூட மன்னித்துவிடலாம், முகத்தை முடியாது. நம் ஆட்களின் கறுத்த முகம் மங்கிய வெளிச்சத்தில் சிக்னலின் அடிப்பகுதியில்தான் உட்காரும். ஹெச்.264 கஞ்சத்தனம் காட்டுவதும் அங்கேதான். சுவரோரம் நிற்கும் அப்பாவின் கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எந்த நடிப்பும் எடுபடாது. இதோடு நம்மூர் மழை வேறு. இந்த வகைச் சுருக்கம் முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதிவைப்பது. பிரிக்ஃபீல்ட்ஸில் சாயங்கால மழை கொட்டும்போது ஃபிரேம் முழுக்கவே மாறிக்கொண்டிருக்கும். 100 மெகாபிட் மூச்சுத் திணறி, தெருவே தண்ணீரில் கரைத்த சாயம் மாதிரி ஆகிவிடும்.

ஆகவே கையில் 8-பிட் மட்டும்தான் என்றால் லாக் பக்கம் போகாதீர்கள். சாதாரணப் புரொஃபைலில் கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து, முகத்துக்கு ஒரு விளக்கு போட்டு, எக்ஸ்போஷரைச் சரியாக வையுங்கள். பகல் வெளிச்ச ஆவணப்படத்துக்கு அது போதும்.

புரோரெஸ்ஸின் பலம் எடிட்டிங் மேசையில் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக முழுதாக இருப்பதால் ஆறு வருடப் பழைய லேப்டாப்பும் திக்காமல் ஓட்டும். விலை, அந்த 5 டெராபைட். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: 4கே வேண்டாம். நம்மூர்த் திரையரங்குக்கு 2கே டிசிபி (தியேட்டருக்கு அனுப்பும் டிஜிட்டல் பிரதி) போதும். அதில் ஃபிளாட் என்னும் சாதாரணத் திரை அளவே 1998-க்கு 1080. 1080 அளவில் (1920-க்கு 1080) புரோரெஸ் ஹெச்க்யூ 184 மெகாபிட், மணிக்கு 83 ஜிபி, 15 மணி நேரத்துக்கு 1.25 டெராபைட்டுக்குள் முடிந்துவிடும். அகலத்தில் 78 புள்ளி குறைகிறதே என்று கவலைப்படும் பார்வையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. போஸ்டரில் '4கே' என்று போட முடியாது, அவ்வளவுதான்.

ராவை நான் தேர்ந்தெடுக்கும் இடம் இரவு. ஒரே தெருவில் கடையின் டியூப்லைட் பச்சை, தெருவிளக்கு மஞ்சள், பிள்ளையார் கோயில் எல்இடி ஊதா. செட்டில் ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளை என்ற கணக்கு) எதற்கு வைப்பது? ராவில் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிளாக்மேஜிக்கின் பாக்கெட் 4கே மாதிரி கேமராவில் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 400, 3200 என இரண்டு இயல்பு நிலைகள் இருப்பதால் இருட்டிலும் தாக்குப்பிடிக்கும். யூஎஸ்பி-சி எஸ்எஸ்டியில் நேரடியாக எழுதும். எடிட்டிங், கலர் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே ஃபைலைத் திறக்கும். தலைவலி வேறு பக்கம். அந்தச் சின்ன பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்காது. ரா படத்தில் இருட்டில் பொரியும் புள்ளி இரைச்சலையும் அப்படியே வைத்திருக்கும், யாராவது உட்கார்ந்து துடைக்க வேண்டும். கலருக்கு ஆளும் நாளும் ஒதுக்காத படத்துக்கு ரா எடுப்பது, சமைக்க ஆளில்லாத வீட்டுக்கு மூட்டை அரிசி வாங்குவது போல.

நடுவழியாக 10-பிட் மிரர்லெஸ்கள் இருக்கின்றன. 2017-ல் வந்த பானாசோனிக் ஜிஹெச்5 கூட 400 மெகாபிட்டில் ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாக எழுதும், மணிக்கு 180 ஜிபி. பழசு என்று ஒதுக்காதீர்கள். கைப்பேசியா? 2023-ன் ஐஃபோன் 15 புரோ வெளி எஸ்எஸ்டியில் புரோரெஸ் லாக் எழுதுகிறது, மஸ்ஜித் இந்தியா நெரிசலில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இருட்டில் அந்தச் சின்ன சென்சாரை நம்பாதீர்கள்.

அப்படியானால் என் தேர்வு? இரவும் தெருவுமாக இருக்கும் கதைக்கு ரா 8:1. வீட்டுக்குள் நாலு பேர் பேசும் கதைக்கு 1080 புரோரெஸ்.

எதில் எடுத்தாலும் ஃபிரேம் எண்ணிக்கையை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், தொலைக்காட்சிக்கு 25 ஃபிரேம். 1/50 நொடி ஷட்டரில் டியூப்லைட் துடிக்காது. தியேட்டர்தான் இலக்கு என்றால் 24-ல், ஷட்டரை 172.8 டிகிரியில் வைத்து எடுங்கள்; அதுவும் 1/50 தான். 25-ல் எடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் டிசிபிக்காக 24-க்கு இழுத்தால் 90 நிமிடப் படம் 93 நிமிடம் 45 நொடி ஆகும். பாட்டெல்லாம் கிட்டத்தட்ட அரைக்கட்டை இறங்கும். இசையமைப்பாளர் தியேட்டரில் உட்கார்ந்து கேட்கும்போது நீங்கள் பக்கத்து சீட்டில் இருக்காதீர்கள்.