மிச்ச உணவைச் சோதிப்பதா, சமையல் பாதையைத் துருவுவதா?

விடுதியில் பலருக்கு ஒரே நேரத்தில் வாந்தி. காரணம் தேட இரண்டு வழிகள்.

மாதிரிச் சோதனை: மிஞ்சிய ஒவ்வொரு பதார்த்தத்திலும் சுமார் 200 கிராம், கிருமிநீக்கிய டப்பாவில், ஐஸ் பெட்டியில் 4 டிகிரிக்குள் அனுப்ப வேண்டும். உறைய வைத்தால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற கிருமி பெருமளவு செத்துவிடும், சோதனையில் சிக்காமல் போகலாம். பல நேரம், ஆய்வாளர் வருவதற்குள் அண்டாவே கழுவியாகிவிடும். சாதத்தை மறுபடி சூடாக்கியிருந்தால் பாசில்லஸ் சீரியஸ் கிருமி அழிந்திருக்கலாம். வாந்தி வரவழைக்கும் அதன் நச்சோ கொதித்தாலும் அழியாது. ஆகவே ‘கிருமி இல்லை’ என்ற அறிக்கையை வைத்து அந்தச் சாதத்தை விட்டுவிடக் கூடாது.

பாதை ஆய்வு: எப்போது வடித்தார்கள், எதில் கொட்டினார்கள், எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது, யார் கையில் புண்? சமையல்காரர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். அபராதப் பேச்சை எடுத்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு அதே அளவு சமைக்கச் சொல்லி, அண்டாவின் நடுவில் வெப்பமானியைச் செருகி அரை மணிக்கொரு முறை குறித்துக்கொள்ளுங்கள். 60 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். ஆழமான அண்டாவில் இறங்காது. அகலத் தட்டில் பரப்பியிருக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மாதிரியை முதலில் எடுங்கள், அது காத்திருக்காது. ஆனால் அடுத்த வாரமும் அதே அடுப்பில்தான் சமைப்பார்கள். அதைத் திருத்த உதவுவது இரண்டாவது வழி.