டிரோனுக்கு வாங்க வேண்டிய தாள்

டிரோனோடு வெளிநாடு கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தப் பை நல்லது, எத்தனை பேட்டரி எடுத்துப் போகலாம் என்பதுதான். அதற்குப் பதில் சுருக்கம். உதிரி பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்-ஹவருக்குள் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) இருந்தால் பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. என் மினி 2 டிரோனின் பேட்டரி 17.32தான். முனையில் டேப் ஒட்டிவிட்டால் போதும். நான் மதிப்பெண் போட வந்தது வேறொன்றுக்கு: கிளம்பும்போது கஸ்டம்ஸில் வாங்கும் ஏற்றுமதிச் சான்றிதழ், அதாவது இந்தப் பொருளை இங்கிருந்துதான் எடுத்துப் போகிறோம் என்று எழுதித் தரும் தாள்.

சேலத்தில் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். சித்தி மகள் கல்யாணம் சிங்கப்பூரில். அங்கே 250 கிராமைத் தாண்டினால்தான் டிரோனைப் பதிவு செய்ய வேண்டும், என்னுடையது 249. ஆக, போவதில் பெரிய கவலை இல்லை. திரும்பி வருவதுதான் வம்பு. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு நம் நாட்டில் தடை. அதற்கு முன்பே இங்கே வாங்கிய டிரோன்தான் என்றாலும், பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

சேலம் விமான நிலையம் இருக்கும் நம் காமலாபுரத்தில் உள்நாட்டு விமானம் மட்டும்தான். எந்த ஊரில் வெளிநாட்டு விமானம் ஏறுகிறோமோ அங்கேதான் இந்தத் தாள் கிடைக்கும். பொருளை நேரில் காட்ட வேண்டும் என்பதால் டிரோனைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடக் கூடாது.

நான் போன நேரம் கவுன்டரில் ஆளே இல்லை. இரண்டு பேரிடம் கேட்டு, காத்திருந்து, அதிகாரி வந்தார். பில்லைப் பார்த்தார். "இதுல சீரியல் நம்பர் இல்லையே தம்பி?" நம்ம ஊர் கடைக்காரர் 'டிரோன் - 1' என்று மட்டும் கிறுக்கித் தந்த பில் அது. டிரோனில் இருந்த பொடி எழுத்தை மொபைலில் படம் எடுத்து, பெரிதாக்கிக் காட்டினேன். "சரி, நீங்களே வாசிங்க" என்றார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் எழுதி, முழுதையும் என்னிடம் திருப்பி வாசித்துக் காட்டிவிட்டுத்தான் முத்திரை குத்தினார். அந்தப் பொறுமைக்கே ஒரு மதிப்பெண் தரலாம். காசும் கேட்கவில்லை.

வரும்போது அறிவிக்க வேண்டிய பொருள்களில் டிரோனும் உண்டு, அதனால் நேரே கஸ்டம்ஸின் ரெட் சேனல் வழி. தாளையும் டிரோனையும் மேசையில் வைத்தேன். எண்ணை ஒப்பிட்டார்கள், போகச் சொன்னார்கள். பின்னால் நின்றவரிடம் புது டிரோன், தாள் கிடையாது. அவர் அங்கேயே பேசிக்கொண்டிருந்தார்.

ஐந்துக்கு மூன்றரை. கவுன்டர் எங்கே என்று ஒரு பலகை வைத்திருந்தால் நாலு. அப்புறம், கடையில் பில் போடும்போதே சீரியல் நம்பரை எழுதச் சொல்லி வாங்குங்கள், தயங்கினால் விடாதீர்கள்.