கடல்காற்று அடிக்கிற ஊரில் கீல் எங்கே வாங்கலாம்: லாரன்ஸ் ரோடு ஹார்டுவேர் கடை ஒன்று

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இந்த ஊரில் இரும்பு தங்காது. வாசல் கேட் அடியில் பொத்தல் விடும், ஜன்னல் கொக்கி கையோடு வரும், கொடிக்கம்பியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் துருக்கோடு விழும். ஆசாரியைக் கூப்பிட்டால் ஒரு கீல் மாற்ற அரைநாள் கூலி கேட்கிறார், அதுவும் வருகிறேன் என்று சொன்ன நாளில் வருவதில்லை. அதனால் கதவு, ஜன்னல், தாழ்ப்பாள் மாதிரி சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொள்கிறேன். வேலை ஒன்றும் பெரிய கம்பசூத்திரமில்லை, சரியான சாமான் கிடைப்பதில்தான் சிக்கல். அந்தச் சாமானுக்காகத்தான் லாரன்ஸ் ரோட்டில் இருக்கிற இந்தக் கடை.

பெயர் போடவேண்டாம் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார், இருக்கிற கூட்டமே போதுமாம். திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம், வாசலில் மண்வெட்டிப் பிடியும் நைலான் கயிறும் தொங்கும் பழைய கடை. அப்படி நாலு கடை இருக்கும் என்பீர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் ஒரு காந்தம் தொங்கும், அதுதான் இது.

முதலில் நடத்தையைச் சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடைக்குப் பெண்கள் தனியாகப் போனால் "சார் வரலையா?" என்று கேட்பது இங்கே பல கடைகளில் வழக்கம். நாம் 4 இன்ச் கீல் என்று தெளிவாகக் கேட்டாலும், வீட்டில் கேட்டுட்டு வாங்க என்று திருப்பி அனுப்புவார்கள். இந்தக் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வியே வேறு: "என்னம்மா, பழசைக் கொண்டாந்தியா?" பழைய கீலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார், கடல் எவ்வளவு தூரம் என்று கேட்பார், அப்புறம்தான் டப்பாவை இறக்குவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடையில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று சொல்லி விற்பதெல்லாம் ஒரே எஸ்.எஸ். கிடையாது. பளபளவென்று இருக்கிற கீல், டவர் போல்ட், டவல் கம்பி ஆகியவற்றில் நிறையப் பங்கு 202 என்ற ரகம். நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்துச் செய்வது. அதைவிட மேலான 304 ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். 202-ல் இரண்டுமே குறைவு. கடலைவிட்டுத் தள்ளி, விருத்தாசலம் மாதிரி இடத்தில் வீட்டுக்குள்ளே 202 போட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. கடல் உப்பு படிகிற வீட்டில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி எழும், பிறகு அந்தப் புள்ளி குழியாகும்.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். தெரியாது. 202, 304 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது, வளைத்து அடித்த இடங்களில் வேண்டுமானால் லேசாக இழுக்கும். மேலே பாலிஷ் போட்ட வெறும் இரும்பைப் பிடிக்கத்தான் காந்தம் உதவும். இந்தக் கடைக்காரரும் காந்தத்தை அதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறார். நான் ஒருமுறை "இது 304-தானா அண்ணே, நிச்சயமா?" என்று இழுத்தபோது மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்னக் குப்பியும் 9 வோல்ட் பேட்டரியும் எடுத்தார். கீலின் பின்பக்கம், சுவரைப் பார்த்து மறைந்துபோகிற இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பேட்டரியைத் தொடவைத்தார். சொட்டு நிறம் மாறாமல் கிடந்தது. பக்கத்திலேயே வேறொரு டப்பாவிலிருந்து விலை குறைந்த கீல் ஒன்றை எடுத்து அதே மாதிரி செய்தார், சொட்டு கண்ணெதிரே சிவந்துவிட்டது. அது மாங்கனீசு காட்டிக்கொடுக்கிற சிவப்பு. இரண்டையும் அவர்தான் விற்கிறார், இரண்டும் இன்னதென்று சொல்லியே விற்கிறார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. 304-க்கு விலை நன்றாகவே கூடுதல், பேரம் படியாது.

ஆனால் இந்தக் கடைக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பது கீலுக்காக இல்லை, ஸ்க்ரூவுக்காக. நம் ஊர் ஆசாரிகள் நிறையப் பேர் எவ்வளவு நல்ல கீல் வாங்கிக் கொடுத்தாலும் கறுப்பு ஸ்க்ரூவைத்தான் போட்டு முடுக்குவார்கள். அது ஜிப்சம் போர்டுக்கு வந்த ஸ்க்ரூ, மேலே இருப்பது மெல்லிய பாஸ்பேட் பூச்சு, ஈரமும் உப்பும் பட்டால் தாங்காது. போதாததற்கு, துருப்பிடிக்காத பெரிய தகட்டில் சின்ன இரும்பு ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டிருந்தால், உப்பு ஈரம் இரண்டுக்கும் நடுவில் பேட்டரி மாதிரி வேலை செய்து இரும்பைத்தான் வேகமாகத் தின்னும். கீல் புதுசு போலவே மின்னும், கதவு மட்டும் ஒருநாள் தொங்கிப்போகும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது எங்கள் தெருவில் ஒரு ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு போனது, கீல் அப்படியே நிலையில் இருந்தது, ஸ்க்ரூ தலைகள்தான் பறந்திருந்தன. இங்கே 304 ஸ்க்ரூ எண்ணிக்கைக்குக் கிடைக்கும். 35-க்கு 8 (35 மி.மீ. நீளம், 8-ம் நம்பர் தடிமன்) வேண்டுமென்றால் பன்னிரண்டே பன்னிரண்டு வாங்கிக்கொள்ளலாம், நூறு உள்ள டப்பாவை நம் தலையில் கட்டமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை, இதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எஸ்.எஸ். ஸ்க்ரூ கறுப்பு ஸ்க்ரூவைவிட மிருது. தேக்கு நிலையில் நேராக வைத்து டிரில் மெஷினால் முடுக்கினால் தலை அறுந்து உடம்பு உள்ளேயே நின்றுவிடும், அதை எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். முதலில் 3 மி.மீ. பிட்டால் துளை போட்டு, ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் துணி சோப்பைத் தேய்த்து, கடைசிச் சுற்றுகளைக் கையாலேயே முடுக்கவேண்டும். பழைய துளை பெரிதாகிப்போயிருந்தால் மூங்கில் சிம்பில் ஃபெவிகால் தடவி உள்ளே அடித்து, நன்றாகக் காய்ந்தபிறகு சீவிவிட்டுப் புதுத் துளை. கதவைக் கழற்றவே வேண்டாம். அடியில் ஒரு ஆப்பு வைத்துப் பாரத்தை அதன்மேல் ஏற்றிவிட்டு ஒரு கீலைக் கழற்றி மாற்றி முடித்தபிறகு அடுத்ததைத் தொட்டால் போதும், கதவு இடம் மாறாது. புதுக் கீல் பழசின் அதே நீளம், அதே தடிமன் என்றால் நிலையில் வெட்டிய பள்ளமும் அப்படியே பொருந்தும். பழசைக் கொண்டுவா என்று அவர் நச்சரிப்பது இதற்குத்தான்.

304 போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்றும் இருக்கமுடியாது. மழை நேராகப்படாத இடத்தில், போர்டிகோவுக்குக் கீழே இருக்கிற தாழ்ப்பாள்தான் முதலில் பழுப்பேறுகிறது, உப்பைக் கழுவிவிட அங்கே எதுவும் இல்லையே. ஈரத்துணியில் நல்ல தண்ணீர் தொட்டு அவ்வப்போது துடைத்தால் தங்கும். பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்க்கிற வீடுகளில் அந்தப் புகைபட்டே கதவுக் கீல் கெட்டுப்போகும், 304-ஆக இருந்தாலும் சரி.

குறைகளுக்கு வருகிறேன். பெயின்ட் இங்கே வாங்காதீர்கள், டின் எப்போது வந்தது என்று பார்க்காமல் எடுத்துக் கொடுக்கிறார்கள், ஒருமுறை எனக்குக் கட்டிதட்டிப்போன பிரைமர் வந்தது. திருப்பி எடுத்துக்கொண்டார்கள், ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு. குழாய்ச் சாமான் பக்கம் நிற்கிற பையன் புதுசு, அரை இன்ச் கேட்டால் முக்கால் இன்ச் வரும், எதற்கும் கையிலேயே மரையைப் பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பில் கேட்டால்தான் கொடுப்பார்கள், கேளுங்கள், அதில் 304 என்று எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டர் பாதி இறங்கிவிடும். வண்டி நிறுத்த இடமே கிடையாது, சாயங்காலம் லாரன்ஸ் ரோட்டில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனால் வெளியிலிருந்து ஹாரன் சத்தம் நம்மைத்தான் கூப்பிடும். காலையில் கடை திறந்த கையோடு போவது நல்லது, அப்போது அவருக்கும் பேச நேரமிருக்கும்.

கடலுக்கு நேரெதிரே வீடு என்பவர்கள் 316 ரகம் கேளுங்கள். அதில் மாலிப்டினம் 2 சதவீதத்துக்கு மேல் சேர்ந்திருக்கும், உப்புக்கு 304-ஐவிட நன்றாகத் தாங்கும். இருப்பில் வைப்பதில்லை, சொன்னால் சென்னையிலிருந்து வரவழைத்துத் தருகிறார். பாதிப் பணம் முன்னாலேயே கட்டவேண்டும். வந்ததும் அந்தக் குப்பியை நம்பி 316 என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மாங்கனீசு பார்க்கிற சொட்டில் 304-ம் 316-ம் ஒன்றுபோலத்தான் தெரியும். கம்பெனி டப்பாவில் அச்சடித்திருப்பதையும் பில்லையும் சேர்த்துப் பார்த்து வாங்கவேண்டும்.