ஹெட் கேஸ்கட்டைக் கடைசியில் வாங்குங்கள்: அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் ஓர் அலசல்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டு ஷெட்களில் இன்றும் ஓர் அம்பாசடரோ ஃபியட்டோ நிற்பதைப் பார்க்கலாம். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ ஊருக்கு வரும்போது ஓட்ட வேண்டும் என்று எஞ்சினைப் பிரிக்கச் சொல்வார்கள். பிரித்ததும் நடக்கும் முதல் வேலை கேஸ்கட் செட் (முக்கியமாக, சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) வாங்குவது. அது தலைகீழ் முறை. எந்தக் கேஸ்கட், எத்தனை கனம் (தடிமன்) என்பதை அளவுகள்தான் சொல்ல வேண்டும். அதனால் முதலில் அளக்கும் வழிகளைப் பார்ப்போம்.

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளக்க இரண்டு வழிகள். ஒன்று, நீளமான ஃபீலர் கேஜ், அதாவது கனம் குறித்த மெல்லிய எஃகுப் பட்டையைச் சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே விட்டு இழுத்துப் பார்ப்பது. “அண்ணே, கைப்பிடியே சொல்லிரும்” என்பார் பட்டறைக்காரர். பல வருடம் பழகிய கை என்றால் ஓரளவு சொல்லும்தான். ஆனால் ஓடித் தேய்ந்த போர் (சிலிண்டரின் உள்துளை) மேல்பக்கம், மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். அடியில் தேய்மானமே இருக்காது. பட்டை எந்த இடத்தில் மாட்டுகிறதோ அந்த இடத்தை மட்டுமே காட்டும்.

இரண்டாவது வழி மைக்ரோமீட்டரும் போர் டயல் கேஜும் (துளையின் உள்விட்டத்தை முள்ளால் காட்டும் கருவி). பிஸ்டனின் ஸ்கர்ட்டை (கீழ்ப்பக்கச் சுவரை), பிஸ்டன் பின்னுக்கு (அதைத் தாங்கும் குறுக்குத் தண்டுக்கு) 90 டிகிரி குறுக்காக அளந்து, அதே மைக்ரோமீட்டரில் டயலைச் சுழியம் வைத்து, போரை மூன்று உயரத்தில் இரண்டு திசையில் பார்க்க வேண்டும். போர் கீழிருந்து மேலே விரிந்திருக்கிறதா, வட்டம் குலைந்திருக்கிறதா என்பது இதில் மட்டும்தான் தெரியும். என் ஓட்டு இதற்கே. பட்டை முறையைக் கடைசியில் ஒரு சரிபார்ப்பாக வைத்துக்கொள்ளலாம்.

வார்ப்பு அலுமினிய பிஸ்டனுக்குப் பொதுக்கணக்கு, போர் விட்டத்தில் ஓர் இஞ்சுக்கு அரை முதல் ஒரு தவுசண்ட் (இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் போர் 73 மி.மீ., அதாவது சுமார் 0.04 முதல் 0.07 மி.மீ. ஆனாலும் பிஸ்டன் டப்பாவில் அச்சிட்ட அளவே முடிவானது. ஓவர்சைஸ் பிஸ்டனை (தேய்ந்த போரைப் பெரிதாக்கிப் போடும் பிஸ்டனை) முதலில் வாங்கிக் கையில் கொடுத்து, அதை அளந்தே போர் போடச் சொல்லுங்கள். ‘20 ஓவர்சைஸ்’ என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது.

இந்த ஊர் வெயிலில் இன்னொன்று உண்டு. 73 மி.மீ. அலுமினிய பிஸ்டன், பிளாக்கைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் சுமார் 0.03 மி.மீ. பருத்திருக்கும். ஒரு தவுசண்டுக்கும் மேல்! பிளாக் நிழலிலும் பிஸ்டன் டப்பா ஸ்கூட்டர் பெட்டியிலும் இருந்தால் நீங்கள் எடுக்கும் அளவு பொய். இரண்டையும் ஓர் இரவு ஒரே அறையில் கிடக்கவிட்டுக் காலையில் அளப்பது நல்லது.

அடுத்தது பிஸ்டனுக்கு மேலே உள்ள இடம். வால்வு தட்டுமா என்று பார்க்க, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை பிஸ்டன் தலையில் ஒட்டி, வால்வில் எண்ணெய் தடவி, ஏற்கெனவே நசுங்கிய பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பிறகு களிமண்ணை வெட்டி கனம் பார்க்கலாம். இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்சாஸ்டுக்கு 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதி. பிஸ்டனின் தட்டையான ஓரம் ஹெட்டை எவ்வளவு நெருங்குகிறது என்பதற்கு ஈயக்கம்பிதான் துல்லியம். பிஸ்டன் ஆடிவிடாதபடி கம்பியைப் பின்னின் நேர்மேலே வைக்க வேண்டும். அங்கே 1 மி.மீ.க்குக் குறைந்தால் கனமான கேஸ்கட்டை யோசியுங்கள். டீசல் என்றால் களிமண், கம்பி எல்லாம் வேண்டாம். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு நீட்டுகிறது என்று டயலில் பார்த்து, அதற்குரிய கனத்தை எடுப்பதே முறை. பல டீசல் கேஸ்கட்களில் ஓரத்திலுள்ள வெட்டோ துளையோ கனத்தைக் குறிக்கும்.

கனம் கூடினால் கம்ப்ரஷன் இறங்கும். 73 மி.மீ. போரில் அரை மி.மீ. கூடினால் அறையில் சுமார் 2 சிசி சேரும், 8.3 இருந்த விகிதம் 8.0 ஆகும். பலமுறை ஃபேசிங் ஓட்டிய (முகத்தைச் சீவித் தட்டையாக்கிய) ஹெட்டுக்கு இது தேவைப்படும் இறக்கம்கூட.

சரி, இப்போது கேஸ்கட் வகைகள். உண்மையான போட்டி கிராஃபைட் காம்போசிட்டுக்கும் (உலோகத் தகட்டோடு மென்மையான கிராஃபைட் சேர்ந்தது) பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டுக்கும்தான். ஸ்டீல் அடுக்கு அழுத்தத்தை அதிகம் தாங்கும், திரும்ப இறுக்க வேண்டியதில்லை, புது எஞ்சின்களில் அதுவே வருகிறது. ஆனால் ஹெட், பிளாக் முகம் கண்ணாடி மாதிரி வேண்டும். சொரசொரப்பு 1 மைக்ரான் அளவில் இருந்தால்தான் அது பிடிக்கும். பழைய மெஷினில் ஓட்டிய ஃபேசிங், கருவி வரி தெரிகிற முகம் என்றால் தண்ணீர் கசியும். காம்போசிட் அந்தக் குறையைத் தன் மென்மையால் மூடிக்கொள்ளும். இரண்டுக்கும் பொது விதி ஒன்று: முகத்தின் மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்விளிம்புக் கட்டை) வைத்தால் அடியில் 0.05 மி.மீ. பட்டை நுழையக்கூடாது. நுழைந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேஸ்கட்டும் காப்பாற்றாது.

முழுச் செம்பு கேஸ்கட்டை வீட்டு வண்டிக்கு நான் சொல்லமாட்டேன். சிவக்கக் காய்ச்சி மென்மையாக்கியே போட வேண்டும், அப்படிப் போட்டாலும் தண்ணீர்த் துளைகளில் கசியும். அலுமினிய ஹெட்டும் செம்பும் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். 1953 முதல் மின்வேதியியல் ஆய்வுக்கென்றே சிக்ரி என்ற மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கும் காரைக்குடியில் இதை விளக்கத் தேவையில்லை. பழைய செம்பு-ஆஸ்பெஸ்டாஸ் கேஸ்கட் பிரிக்காத கவரில் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் தேடுகிற கண்ணோடு கேஸ்கட் தேடக்கூடாது. ஹெட்டில் ஒட்டியிருக்கும் பழையதைச் சுரண்டும்போது நனைத்துச் சுரண்டுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஆக, அம்பாசடரின் பழைய எஞ்சினில் ஹெட்டும் பிளாக்கும் இரண்டுமே வார்ப்பிரும்பு, சேர்ந்தே விரியும். நல்ல காம்போசிட் போதும். ஃபியட்டில், அதாவது 68 மி.மீ. போர் கொண்ட 1089 சிசி எஞ்சினில், ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரண்டு மடங்கு விரிவதால் ஹெட் ஒவ்வொரு தடவையும் கேஸ்கட் மேல் கொஞ்சம் நகரும். அதற்கும் காம்போசிட்தான், ஆனால் முகத்தில் வழுக்கும் பூச்சு உள்ளதாகப் பாருங்கள். மேலே வேறு பசை தடவாதீர்கள். சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மீண்டும் இறுக்கச் சொல்லி பாக்கெட்டில் போட்டிருந்தால் தவறாமல் செய்யுங்கள். ஃபியட்டில் எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்பானரை வைக்கவே கூடாது. ரேடியேட்டருக்கு நம் போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் ஊற்றுங்கள்.