வடசேரி பஸ் ஸ்டாண்ட் நோட்டீஸும் கோயம்புத்தூரில் போன என் 41 நாட்களும்

இதை மூன்று வருடமாக எழுத நினைத்து, எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம் வெட்கம்தான். பி.காம் முடித்த பெண், கணக்குப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவள், போயும் போயும் இப்படி ஒரு வேலை மோசடியிலா விழுந்தாள் என்று ஊரில் பேசுவார்கள். போன வாரம் நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் நின்ற ஒரு பஸ்ஸுக்குள், ஜன்னலுக்கு மேலே, அதே மஞ்சள் நோட்டீஸைப் பார்த்தேன். போன் நம்பர் மட்டும்தான் வேறு. அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"ஆண்கள், பெண்கள் உடனடித் தேவை. மார்க்கெட்டிங் துறை. 10-ஆம் வகுப்பு முதல் டிகிரி வரை. முன் அனுபவம் வேண்டாம். மாதம் 16,000 முதல் 22,000 வரை. தங்குமிடம், உணவு இலவசம்." இவ்வளவுதான் அதில் இருக்கும். எந்த நிறுவனம், எங்கே இருக்கிறது, என்ன பொருள் விற்கிறது, ஒன்றும் இருக்காது. 2022 ஜூன் மாதம் இதைப் பார்த்தபோது அந்த விடுபடல் என் கண்ணில் படவே இல்லை. 22,000 மட்டும்தான் பட்டது. அம்மா முந்திரி ஆபீஸில் பருப்பு உடைக்கப் போகிறவர், அப்பா கேரளாவில் கொத்தனார் வேலை. டிகிரி முடித்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் "பிள்ளைக்கு இன்னும் ஒண்ணும் ஆகலியா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 2011 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 92 சதவீதம். படித்தவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு, அந்தப் படிப்புக்கு உள்ளூரில் வேலைதான் இல்லை. நோட்டீஸ் ஒட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

போன் செய்தேன். ஒரு பெண் எடுத்து, என் பெயரையும் படிப்பையும் கேட்டுவிட்டு, "நாளைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ, ஒரிஜினல் சர்டிபிகேட்டோட வாங்க" என்றார். நாகர்கோவிலில் செட்டிகுளம் பக்கம் ஒரு மாடி. நாங்கள் பதினோரு பேர் போயிருந்தோம். "உங்க வீக்னஸ் என்ன?" என்று ஒரு கேள்வி, அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று ஒரு கேள்வி. பதினோரு பேருமே செலெக்ட். அங்கேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷத்தில் காது கேட்கவில்லை.

ஃபார்முக்கு 300 ரூபாய். பயிற்சிக் கட்டணம் 5,500, "முதல் சம்பளத்தோட திருப்பித் தந்துருவோம்" என்றார்கள். பதவியின் பெயர் மேனேஜ்மென்ட் ட்ரெய்னி. பெரிய கம்பெனிகள் எம்.பி.ஏ. படித்தவர்களைக் கல்லூரிக்கே வந்து எடுக்கும் பதவிக்கும் இதே பெயர்தான், அதுவும் பின்னால்தான் தெரிந்தது. அம்மா மகளிர் குழுவில் லோன் எடுத்துத் தந்தார். பணத்தை ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். திரையில் வந்தது ஒரு தனி ஆளின் பெயர். ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பயிற்சி கோயம்புத்தூரில் என்றார்கள். காந்திபுரம் பக்கம் ஒரு வாடகை வீடு, மூன்று அறையில் பதினேழு பெண்கள், ஒரே கழிப்பறை. போன அன்றே எஸ்.எஸ்.எல்.சி. மார்க் லிஸ்ட்டிலிருந்து டிகிரி புரொவிஷனல் வரை எல்லா ஒரிஜினலையும் "வெரிபிகேஷனுக்கு" என்று வாங்கிக்கொண்டார்கள். காலை ஆறு மணிக்கு வகுப்பு. வகுப்பு என்றால் கைதட்டல், கோஷம், நேற்று அதிகம் விற்றவருக்கு மாலை. வெள்ளைப் பலகையில் ஒரு படிக்கட்டுப் படம் வரைந்திருக்கும். முதல் மாதம் ட்ரெய்னி, மூன்றாம் மாதம் டீம் லீடர், ஆறாம் மாதம் அசிஸ்டென்ட் மேனேஜர், ஒரு வருடத்தில் சொந்தமாக ஒரு பிராஞ்ச். "இந்த சார் உங்களை மாதிரிதான் பையைத் தூக்கிட்டு வந்தார், இன்னைக்குக் கார் வெச்சிருக்கார்" என்று ஒருவரைக் காட்டுவார்கள். அந்த சார் தினமும் பஸ்ஸில்தான் வந்தார்.

எட்டரைக்குத் தோளில் ஒரு பை. காய் நறுக்கும் கருவி, கத்தி செட், மூட்டுவலித் தைலம், டார்ச் லைட். சிங்காநல்லூர், பீளமேடு, கவுண்டம்பாளையம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பகுதி. "கம்பெனி விளம்பரத்துக்காக வந்திருக்கோம் அக்கா, 900 ரூபாய் பொருள் 350-க்கு" என்று சொல்ல வேண்டும். நான் வாயைத் திறந்ததுமே "மலையாளமா கண்ணு?" என்று கேட்பார்கள். இல்லை, நாகர்கோவில் என்றால் கொஞ்சம் இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுப்பார்கள். கோயம்புத்தூர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், கதவைச் சாத்தும்போதுகூட "வேண்டாமுங்க" என்றுதான் சாத்தினார்கள்.

சம்பளம் என்று ஒன்று கிடையாது, விற்றதில் கமிஷன் மட்டும்தான் என்று தெரியவே ஒன்பது நாள் ஆனது. கேட்டபோது, "சம்பளம் வேணும்னா கிளார்க் வேலைக்குப் போயிருக்கலாமே, இங்க நீங்க பிசினஸ் கத்துக்கிறீங்க" என்றார்கள். 41 நாளில் என் கமிஷன் 2,340 ரூபாய். அதில் "இலவச" சாப்பாட்டுக்கு 1,800 பிடித்தார்கள். மீதி 540.

ஆனால் அவர்களுக்கு என்னிடமிருந்து வேண்டியது கத்தி செட் விற்ற பணமே இல்லை. மூன்றாம் வாரத்திலிருந்து வகுப்பில் ஒரே பேச்சு: இரண்டு பேரைக் கொண்டுவாருங்கள், டீம் லீடர் ஆகுங்கள், 15,000 ஃபிக்ஸட் சம்பளம். எங்கள் போனை வாங்கி, காண்டாக்ட் லிஸ்ட்டைப் பார்த்து, யார் யாருக்குப் பேசலாம் என்று நோட்டில் எழுத வைத்தார்கள். என்ன பேச வேண்டும் என்பதும் அச்சடித்த தாளில் இருந்தது. "என்ன விற்கிறோம் என்று போனில் சொல்லக்கூடாது" என்று அதில் ஒரு வரி. நான் சித்தி மகளைக் கூப்பிட்டேன். பிளஸ் டூ முடித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். 8,000 சம்பளம், ஆனால் மாதாமாதம் கைக்கு வரும் 8,000. "எக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அதை விட்டுவிட்டு வந்தாள். சித்தி காதில் கிடந்ததை அடகு வைத்து 5,500 கட்டினார்.

ஏமாந்ததைச் சொல்ல எனக்கு இப்போது அவ்வளவு கஷ்டம் இல்லை. இதைச் சொல்லத்தான் மூன்று வருடம் ஆனது. அவளைக் கூப்பிட்டபோது எனக்கு விஷயம் பாதி தெரியும். தெரிந்தேதான் கூப்பிட்டேன். என் 5,800 திரும்ப வருவதற்கு அது ஒன்றுதான் வழி என்று நினைத்தேன். அந்த வீட்டில் இருந்த பதினேழு பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அவள் வந்து பன்னிரண்டாம் நாள் வெயிலில் மயங்கி விழுந்தாள். ஊருக்கு அனுப்பச் சொன்னேன். "சர்டிபிகேட் வேணும்னா ஆளுக்கு மூவாயிரம் கட்டுங்க" என்றார்கள். அப்போதுதான் எனக்குக் கோபமே வந்தது. 181-க்கு, அதாவது பெண்கள் உதவி எண்ணுக்கு, அவர்கள் முன்னாலேயே போன் போட்டேன். பேசி முடிப்பதற்குள் இரண்டு பேருடைய சர்டிபிகேட்டும் மேசைக்கு வந்துவிட்டது. பணம் வரவில்லை. ஊருக்கு வந்து போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தோம், ரசீது கேட்டார்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது தனி ஆளின் பெயர், எதற்குக் கொடுத்த பணம் என்று எங்கேயும் எழுத்து இல்லை. அதோடு நின்றது.

வரும்போது ரயிலில் தூக்கம் வராமல் அந்தப் படிக்கட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் இரண்டு பேர், அந்த இருவர் நான்கு பேர், இப்படி இருபது படி போனால் மொத்தம் 20,97,151 பேர் சேர்ந்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்புப்படி கன்னியாகுமரி மாவட்ட மக்கள்தொகையே 18,70,374. கைக்குழந்தைகளுக்கும் தைலம் பையைக் கொடுத்தால்கூடப் போதாது. இந்தக் கணக்குக்கு பி.காம் வேண்டியதே இல்லை, எட்டாம் வகுப்பு போதும்.

இப்படிச் சங்கிலி போல ஆள் சேர்த்துப் பணம் புரட்டுவதைத் தடை செய்ய 1978-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் இப்படி ஆளுக்குக் கீழே ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டத்தைத் தடை செய்கின்றன. அந்த விதிகளில் இன்னொன்றும் உண்டு: நேரடி விற்பனை செய்பவர் அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி அனுமதி வாங்காமலும் ஒருவர் வீட்டுக்குப் போகக்கூடாது. நான் 41 நாள் செய்தது அதைத்தான்.

"மார்க்கெட்டிங்னாலே ஏமாத்து வேலை" என்று அப்பா இன்றும் சொல்வார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இப்போது நான் பார்ப்பதும் விற்பனை வேலைதான். தக்கலையில் ஒரு பிஸ்கட் டிஸ்ட்ரிபியூட்டரிடம் லைனுக்குப் போகிறேன். திங்கள்கிழமை திங்கள்சந்தை, செவ்வாய் இரணியல், புதன் வில்லுக்குறி, வியாழன் கருங்கல் என்று வாரத்துக்கு வாரம் அதே கடைகள். ஆர்டர் எடுக்க வேண்டும், பழைய பாக்கி வசூலிக்க வேண்டும், எலி கடித்த பாக்கெட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். வெயில் அதே வெயில்தான். மாதம் 14,500, பெட்ரோல் தனி, டார்கெட் அடித்தால் இன்சென்டிவ். நான் ஒரு பாக்கெட்கூட விற்காத நாளுக்கும் சம்பளம் உண்டு, திட்டும் உண்டு.

இந்த வேலை எந்த நோட்டீஸிலும் வரவில்லை. எங்கள் தெருப் பெட்டிக்கடை அண்ணாச்சி, "தினமும் இங்க வர்ற லைன் பையன்கிட்ட கேளு பிள்ளே, அவனுக ஆபீஸில் ஆள் போய்க்கிட்டே இருக்கும்" என்றார். கேட்டேன், ஒரு வாரத்தில் கூப்பிட்டார்கள். வேலை தேடுகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த உருப்படியான வழி இதுதான்: ஏற்கெனவே அந்த வேலையில் இருப்பவனைக் கடைவாசலில் பிடித்துக் கேளுங்கள். மருந்துக் கம்பெனி ரெப் ஆக ஆசைப்பட்டால், பி.எஸ்சி.யோ பி.ஃபார்மோ படித்திருந்தால், டாக்டர் அறைக்கு வெளியே பையோடு காத்திருக்கும் ரெப்பிடம் பேசுங்கள். சம்பளம் எவ்வளவு, டார்கெட் எவ்வளவு என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1976-லேயே சட்டம் வந்தது. நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள், தனியார் வேலைவாய்ப்பு முகாம் விவரம் அங்கே கிடைக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஆள் என்பதிலிருந்து கம்பெனி ரோலுக்கு, அதாவது கம்பெனியின் நேரடி ஊழியராக, போவது பெரிய தாண்டல். நடுவில் தேர்ட் பார்ட்டி பேரோல் என்று ஒன்று உண்டு: வேலை கம்பெனிக்கு, சம்பளம் வேறொரு ஏஜென்சியிடம். அது ஏமாற்று இல்லை, ஆனால் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஏரியா மேனேஜர் அந்த நாற்காலிக்கு வர ஒன்பது வருடம் ஆனதாம். ஒரு வருடத்தில் பிராஞ்ச் என்று யாராவது சொன்னால் அவரை நினைத்துக்கொள்கிறேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலையும் முழுக்கக் கமிஷன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள், பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும். கமிஷன் என்ற சொல்லைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ், நூறு சதவீதம் வேலை உறுதி என்று பெரிய தொகை கேட்கிறவர்களிடம் போகும் முன், கூகுளின் ஸ்கில்ஷாப்பில் விளம்பரப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, அதை முதலில் முடித்துப் பாருங்கள்.

என் ஆபீஸில் சேர்ந்த அன்று ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அப்போதே கையில் தந்தார்கள், ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முதல் மாதம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது போனில் அந்த பாஸ்புக்கைத் திறந்து பார்க்கும்போது, நான் ஒரு இடத்தில் வேலை பார்க்கிறேன் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி இருக்கிறதே என்று தோன்றும். கோயம்புத்தூர் 41 நாளுக்கு அப்படி ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

யாராவது இப்போது அப்படி ஒரு வீட்டில் இருந்துகொண்டு இதைப் படித்தால், சர்டிபிகேட்டுக்காகப் பயந்து உட்கார்ந்திருக்க வேண்டாம். 181 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். ஆன்லைனில் கட்டிய பணம் என்றால், கட்டிய உடனேயே 1930, அதாவது சைபர் மோசடிப் புகார் எண். நான் மூன்று மாதம் கழித்துத்தான் அந்த எண்ணைத் தெரிந்துகொண்டேன், அதற்குள் காரியம் கைவிட்டுப் போயிருந்தது. வெளியே வர வேண்டும் என்பதற்காக இன்னொருத்தியைக் கூப்பிடாதீர்கள்.

சித்தி மகள் ஒரு வருடம் என்னிடம் பேசவில்லை. மறுபடியும் ஜவுளிக்கடைக்கே போனாள், முந்தைய சம்பளத்தைவிட ஐந்நூறு குறைவாக. சித்தியின் 5,500-இல் 4,000 கொடுத்துவிட்டேன், கம்மலை மீட்டாகிவிட்டது. இன்னும் 1,500 பாக்கி இருக்கிறது. வேண்டாம் மக்களே என்கிறார். அடுத்த இன்சென்டிவ் வந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.