ஸலாம் கொடுத்த பிறகு: கூட்டு துஆவா, தனி துஆவா?

மஹ்ரிபுக்கு (மாலைத் தொழுகைக்கு) ஓடிவந்து, அதன் மூன்று ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) கடைசியில் சேர்ந்தவருக்கு நான் சொல்வது உடனே புரியும். இமாம் (தொழவைப்பவர்) ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் விட்டுப்போன இரண்டு ரக்அத்தைத் தொழ எழுந்து நிற்கிறீர்கள், அல்ஹம்து சூரா பாதி வருவதற்குள் மைக்கில் துஆ (பிரார்த்தனை) தொடங்கிவிடுகிறது, சுற்றிலும் ஆமீன் சத்தம், எந்த ஆயத்தில் நின்றோம் என்பதே மறந்து திரும்ப முதலிலிருந்து ஓதுகிறீர்கள். இதே ஆள் தெரு தள்ளியிருக்கும் தவ்ஹீத் பள்ளிவாசலுக்கு (கூட்டு துஆ ஓதாத தரப்பு) போனால் சத்தமே இல்லை. ஆனால் அங்கே வேறொன்று நடக்கிறது: ஸலாம் கொடுத்த அரை நிமிடத்தில் முன்வரிசையில் பாதி காலி.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் ஊர்களில் சண்டை. சுன்னத் ஜமாஅத் பள்ளிகளில் பர்ளுக்கு (கடமையான தொழுகைக்கு) பிறகு இமாம் கையேந்தி சத்தமாக ஓதுவார், மக்கள் ஆமீன் சொல்வார்கள். மற்றவர்கள் அதை பித்அத் (மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தியது) என்று சொல்லி, அவரவர் தனியாகக் கேட்கட்டும் என்கிறார்கள். மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு, அதைப் பலர் பேசுவதே இல்லை: துஆவுக்கான இடம் ஸலாமுக்கு முன்னால், தொழுகையின் கடைசி இருப்பிலேயே (உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே) இருக்கிறது என்பது.

முதலில் மூவருக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். நபி (ஸல்) அவர்கள் ஸலாம் கொடுத்ததும் மூன்று முறை இஸ்திஃக்ஃபார் செய்து (பாவமன்னிப்புக் கேட்டு) ‘அல்லாஹும்ம அன்தஸ் ஸலாம்’ ஓதுவார்கள் என்று ஸவ்பான் (ரலி) அறிவிப்பது ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. 33 சுப்ஹானல்லாஹ், 33 அல்ஹம்துலில்லாஹ், 33 அல்லாஹு அக்பர், நூறாவதாக ‘லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு’ என்பதிலும் யாருக்கும் சண்டை இல்லை. ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனத்தையும் எல்லாரும் ஓதுகிறார்கள். தொழுகைக்குப் பின் திக்ரு (இறைவனை நினைத்து ஓதுவது) உண்டு என்பது முடிந்த விஷயம். இமாம் தலைமையில், சத்தமாக, ஐவேளையும் தவறாமல் துஆ ஓதுவதுதான் கேள்வி.

கூட்டு துஆவுக்கு ஆதாரமே இல்லை என்று எடுத்த எடுப்பில் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்த துஆ அதிகம் கேட்கப்படும் என்று நபியவர்களிடம் கேட்டபோது, இரவின் கடைசிப் பகுதியிலும் பர்ளான தொழுகைகளின் இறுதியிலும் என்று சொன்னதாக அபூ உமாமா (ரலி) அறிவிப்பது திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஏந்திய கைகளை வெறுமையாகத் திருப்பியனுப்ப அல்லாஹ் வெட்கப்படுகிறான் என்ற ஸல்மான் (ரலி) ஹதீஸும் இருக்கிறது. ஜும்ஆ குத்பாவின்போது (வெள்ளிக்கிழமை உரையின்போது) ஒருவர் வந்து மழை கேட்கச் சொன்னதும் நபியவர்கள் கையேந்த, மக்களும் கூடவே கையேந்தியது புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. ஆக, கூடிக் கேட்பது தன்னளவில் தப்பே இல்லை. ஊரில் ஒருவர் ஆபரேஷனுக்குக் கிடக்கிறார் என்று ஹஜ்ரத் (பள்ளி இமாம்) சொல்லி துஆ ஓதும்போது அவர் மகன் அதே வரிசையில் உட்கார்ந்து நூறு பேருடைய ஆமீனைக் கேட்கிறானே, அந்த ஆறுதலை லேசாக எண்ணக் கூடாது.

ஆனால் தேவை வந்தபோது கேட்பதும், ஒவ்வொரு பர்ளுக்குப் பிறகும் கடமைபோல வழக்கமாக்குவதும் வேறு வேறு. நபியவர்கள் மதீனாவில் பத்து வருடம் ஐவேளையும் இமாமாக நின்று தொழவைத்தார்கள். ஸலாமுக்குப் பின் அவர்கள் என்ன சொன்னார்கள், எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள், பெண்கள் முதலில் கிளம்பட்டும் என்று சற்று நேரம் இருந்தது வரை ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) சொல்லியிருக்கிறார்கள். இமாம் ஓத எல்லாரும் ஆமீன் சொன்ன ஒரு வழக்கம் தினமும் ஐந்து முறை நடந்திருந்தால் அது மட்டும் விட்டுப்போயிருக்குமா? எனக்கு இதுதான் கனமான வாதமாகத் தெரிகிறது.

இது நம் ஊரில் முளைத்த தகராறு என்று நினைக்க வேண்டாம். 1388இல் வஃபாத்தான (இறந்த) மார்க்க அறிஞர் இமாம் ஷாதிபி, ஸ்பெயினின் கிரனாடாவில் இமாமாக இருந்தபோது கூட்டு துஆவை வழக்கமாக ஓதாததற்காகவே ‘துஆவால் பலனில்லை என்கிறார்’ என்ற பழியைச் சுமந்ததை அவரே எழுதியிருக்கிறார். அவருக்கு ஆசிரியரான இப்னு லுப் எதிர்ப்பக்கம் நின்று அந்த வழக்கத்தை ஆதரித்தார். ஆசிரியரும் மாணவரும் மோதிய விஷயத்தில் நாம் ஒருவரையொருவர் வழிகெட்டவன் என்று ஏசுவது என்ன நியாயம்?

நம் பக்கத்தில் அதிகம் கவனிக்கப்படாத இன்னொன்று. காயல்பட்டினம், கீழக்கரை மாதிரி கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் (இமாம் ஷாஃபியின் சட்ட வழி). இமாம் ஷாஃபி (ரஹ்) ‘அல்உம்ம்’ நூலில் சொல்வது, இமாமும் பின்தொழுபவரும் தொழுகைக்குப் பின் மெதுவாக திக்ரு செய்வதையே தாம் விரும்புவதாக. மக்களுக்குக் கற்றுக்கொடுக்க நினைத்தால் இமாம் சத்தமாகச் சொல்லலாம், கற்றுக்கொண்டார்கள் என்று தெரிந்ததும் அவரும் மெதுவாகச் சொல்ல வேண்டும். திக்ரு சத்தம் நபியவர்கள் காலத்தில் கேட்டது என்ற இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பையும் அவர் இப்படித்தான் விளங்கினார்.

சரி, மூன்றாவது நிலை. மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா, ஹதீஸில் வரும் ‘துபுர்’ என்ற சொல் ஒரு பொருளின் கடைசிப் பகுதியைக் குறிக்கும், விலங்கின் பின்புறம் விலங்கைச் சேர்ந்ததுதானே, ஆகவே துஆவுக்கான இடம் ஸலாமுக்கு முன்தான் என்கிறார். கடைசி இருப்பில் ஓதும் அத்தஹிய்யாத்துக்குப் பின் ‘விரும்பிய துஆவைத் தேர்ந்துகொள்ளட்டும்’ என்ற புகாரி ஹதீஸும் இதற்குத் துணை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 33 தஸ்பீஹ் ஹதீஸிலும் அதே ‘துபுர்’ வருகிறது, அதை எல்லாரும் ஸலாமுக்குப் பிறகுதான் சொல்கிறோம். அப்புறம் நடைமுறைச் சிக்கல் ஒன்று: இமாம் எப்போது ஸலாம் கொடுப்பார் என்று தெரியாது, தொழுகைக்குள் தமிழில் கேட்பதை மத்ஹப் அறிஞர்கள் பலர் அனுமதிக்கவில்லை. அரபியில் நாலு துஆ மட்டும் மனப்பாடமாக இருப்பவர் தன் மனக்குறையை எங்கே போய்ச் சொல்வார்?

இங்கேதான் என் நன்னி (பாட்டி) ஞாபகம் வருகிறது. அவர் வாழ்நாள் முழுக்க வீட்டில்தான் தொழுதார், அவருக்கு இமாமும் இல்லை மைக்கும் இல்லை. அஸர் முடிந்ததும் பாயிலேயே உட்கார்ந்து விரல் கோடுகளில் எண்ணுவார், ஒரு விரலுக்கு மூன்று கோடு, ஐந்து விரலுக்கு 15, இரண்டு சுற்று போனால் 30, மேலே ஒரு விரல். மூன்று தஸ்பீஹும் முடிந்தபின் முந்தானையோடு கையேந்துவார். “யா ரப்பே, பெரியவன் சவுதியில ஒத்தையில கெடக்கான், அவனுக்குச் சம்பளம் நேரத்துக்கு வரணும், சின்னவளுக்கு நல்ல எடம் அமையணும், அடுத்த வீட்டுப் புள்ளைக்குக் காச்சல் எறங்கணும்.” பேர் பேராகச் சொல்லுவார், சில நாள் அழுவார். நம் வீட்டுப் பெண்கள் காலம் காலமாகச் செய்தது தனி துஆதான், அதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. பள்ளியில் ஆண்கள் அர்த்தம் தெரியாத அரபி துஆவுக்கு இருபது வருடம் ஆமீன் சொல்லியும், தனியாகக் கையேந்தினால் என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கூட்டு துஆவின் பெரிய நஷ்டம் இதுதான் என்பேன்.

அதனால் என் தேர்வு இரண்டாவது: மெதுவாக திக்ரு, பிறகு அவரவர் மொழியில் அவரவர் துஆ. ஆனால் கூட்டு துஆவை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் எதுவும் வைக்காத பள்ளி ஜெயித்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. இமாமின் துஆவாவது ஆட்களை உட்காரவைத்தது, இங்கே செருப்பு தேடப் போய்விடுகிறார்கள்.

கூட்டு துஆ ஓதும் பள்ளியில் தொழ நேர்ந்தால் நான் விருட்டென்று எழுந்து வெளியே போவதில்லை. என் தஸ்பீஹைச் சொல்லியபடி உட்கார்ந்திருப்பேன், அவர்கள் கேட்பதும் என் ரப்பிடம்தான். அந்தப் பள்ளி இமாம்களிடம் நான் கேட்பது ஒன்றே: ஸலாம் கொடுத்ததும் மைக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள், பின்வரிசையில் நிற்பவர் தன் இரண்டு ரக்அத்தை முடித்துக்கொள்ளட்டும்.